உறக்கத்தில் தடைபடும் மூச்சு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரும் ஜமாஅத் உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு மருத்துவரை அழைத்திருக்கலாமே என்று செயலாளரிடம் கேட்டேன். "மருத்துவர் நோயைப் பற்றிச் சொல்வார், நோயோடு வாழ்வதைப் பற்றி நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார். ஆகவே முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியன், நோயாளி என்ற ஒரே தகுதியுடன் உங்கள் முன் நிற்கிறேன். என் நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தமிழில் உறக்க மூச்சுத் தடை என்று சொல்லலாம்.

என் வாப்பாவிலிருந்து தொடங்குகிறேன். கோட்டாற்றில் அரிசிக் கடை வைத்திருந்தார். பருத்த கழுத்து, பெரிய உடம்பு. அவருடைய குறட்டையைக் கேட்டு நாங்கள் பிள்ளைகள் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். குறட்டை உச்சத்துக்குப் போகும்; திடீரென்று நின்றுவிடும்; வீடே அமைதியாகிவிடும்; பிறகு ஒரு பெரும் உறுமலோடு மீண்டும் தொடங்கும். அந்த அமைதியின்போது நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி விளையாடுவோம். முப்பது வரை எண்ணிய இரவுகள் உண்டு. 1987-ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தாறாம் வயதில், ஓர் இரவு படுத்தவர் காலையில் எழவில்லை. வந்தவர்கள் எல்லோரும், "நல்ல மவுத்து, உறக்கத்திலேயே போய்விட்டார், யாரையும் கஷ்டப்படுத்தவில்லை" என்றார்கள். அவர் எதனால் இறந்தார் என்று இன்று என்னால் சொல்ல இயலாது. சொல்லவும் மாட்டேன். ஆனால் நாங்கள் எதை எண்ணி விளையாடினோம் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

இனி என் கதை. நாற்பது வயதுக்கு மேல் என் கழுத்தும் வாப்பாவின் கழுத்தாயிற்று. சட்டைக்குப் பதினேழு அங்குலக் காலர் தைக்க வேண்டியதாயிற்று. காலையில் எழுந்தால் தலைவலி. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவேன்; சர்க்கரை என்று நினைத்துக்கொண்டேன். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூன்றாவது மாத்திரையை எழுதிய மருத்துவர் என் உறக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் படுத்திருப்பவனுக்கு உறக்கத்தில் என்ன குறை இருக்க முடியும்? வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு நாற்காலியில் உறங்கிவிடுவேன். ஜும்ஆ பயானின்போது தூணில் சாய்ந்து உறங்குகிறவன் என்ற பெயரும் எனக்கு இருந்தது. இங்கே சிரிப்பவர்களில் சிலருக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும்.

ஒரு ரமலானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்தேன். என் அருகில் படுத்திருந்த இளைஞர், சஹர் நேரத்தில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், ராத்திரி உங்களுக்கு இடையிடையே மூச்சே இல்ல சார். ரெண்டு தடவ எழுப்பலாமான்னு நினைச்சேன்" என்றார். "வயசானவன் உறங்கினால் அப்படித்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதே செய்தியை என் மனைவி பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தார். அவர் பாதி இரவில் விழித்திருந்து, என் மூச்சு நின்றால் தோளைத் தட்டுவார். நான் புரண்டு படுப்பேன். அவருடைய உறக்கத்தையும் சேர்த்து நான் கெடுத்திருக்கிறேன் என்பது வெகு காலத்துக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

2013-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் ஒரு திருமணத்துக்குச் சென்று, விடியற்காலையில் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். முப்பந்தல் காற்றாலைகளைக் கண்டது நினைவிருக்கிறது. ஆரல்வாய்மொழியைக் கண்டது நினைவில்லை. "வாப்பா!" என்று மகன் அலறிய குரலில் விழித்தபோது, வண்டி சாலையை விட்டிறங்கி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பனைமரத்துக்கு நான்கடி முன்னால் நின்றது. பின்னிருக்கையில் என் மனைவியும், மருமகளும், மூன்று மாதப் பேரக் குழந்தையும் இருந்தனர். எவருக்கும் கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்றே நான் மருத்துவரிடம் போனேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். என் மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

நோய் இதுதான். நம் வயல்களில் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய குழாயைப் போட்டால், உறிஞ்சும் வேகத்தில் அது உள்ளே ஒட்டிக்கொண்டு தண்ணீர் வராது. அதற்காகவே அந்தப் பக்கம் கெட்டிக் குழாய் போடுகிறோம். நம் தொண்டை மெல்லிய குழாய். எலும்பின் தாங்கல் அதற்கு இல்லை. விழித்திருக்கும்போது தசைகள் இழுத்துப் பிடித்து அதைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. கொழுப்பினாலோ, தாடை அமைப்பினாலோ, வளர்ந்த டான்சிலினாலோ இடம் ஏற்கெனவே குறுகியிருந்தால், மூச்சை இழுக்கும்போது குழாய் ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கும், காற்று வராது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை திடுக்கிட்டு ஒரு நொடி நம்மை எழுப்பும், தொண்டை திறக்கும், அந்த உறுமல் கேட்கும், மீண்டும் உறங்குவோம். காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது.

பத்து நொடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று எண்ணுகிறார்கள். மூச்சு வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. பதினைந்து வரை இலேசு. முப்பது வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. என் உடம்பில் கம்பிகளை ஒட்டி ஓரிரவு உறங்க வைத்துப் பார்த்ததில் மணிக்கு 46 என்று வந்தது. ஏழு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 322. மிக நீண்ட தடை 58 நொடிகள். 95-க்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு 71 வரை இறங்கியிருந்தது. அறிக்கையைப் பார்த்த என் மனைவி, "நான் சொன்னபோது நம்பவில்லை, காகிதம் சொன்னால் நம்புவீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு தடையின்போதும் உடல் ஆபத்தில் இருப்பதாகக் கருதி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. இரவெல்லாம் இது நடந்தால் பகலிலும் அழுத்தம் இறங்க மறுக்கிறது. மூன்று மாத்திரை விழுங்கியும் எனக்கு இறங்காமைக்கு இதுவும் ஒரு காரணம். மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும் இழுப்பில் இதயம் விரிந்து, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு சுரப்பை விடுகிறது. இரவில் நான்கு முறை எழுந்ததற்குச் சர்க்கரையை மட்டும் பழி சொன்னது தவறு.

இது அரிய நோயன்று. 2023-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, உழைக்கும் வயதிலுள்ள இந்தியரில் ஏறத்தாழ 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டனர். ஆண்களுக்கு அதிகம், மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் கூடுகிறது. இந்தித் திரையுலகில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பப்பி லாஹிரி 2022 பிப்ரவரி 15-ஆம் நாள் இரவு மும்பையில், தம் 69-ஆம் வயதில் காலமானபோது, மருத்துவர்கள் இந்நோயின் பெயரையே காரணமாகச் சொன்னார்கள். அன்றுதான் நம்மில் பலர் அதைச் செய்தித்தாளில் முதன்முறையாகப் படித்தார்கள். அமெரிக்காவில் 2013 டிசம்பர் 1-ஆம் நாள் காலை, நியூயார்க் நகரில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வளைவை 132 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து தடம் புரண்டு நால்வர் இறந்தனர். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. அவருக்குக் கடுமையான உறக்க மூச்சுத் தடை இருந்தது விபத்துக்குப் பிறகே கண்டறியப்பட்டது. நம் ஜமாஅத்தில் இங்கேயும் வளைகுடா நாடுகளிலும் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். 1980-க்கு முன்பு இந்நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே வழியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், அந்த ஆண்டு, அத்தகைய அறுவையை விரும்பாத ஒரு நோயாளிக்கு, காற்றூதும் ஒரு மோட்டாரையும் மூக்கில் பொருந்தும் ஒரு மூடியையும் இணைத்து, உறங்கும்போது இடைவிடாமல் காற்றைச் செலுத்திப் பார்த்தார். தடைகள் நின்றன. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். சிபாப் என்று இன்று அழைக்கப்படும் இயந்திரம் அதுதான். அது ஆக்சிஜன் தருவதில்லை. பலர் அப்படி எண்ணுகிறார்கள். அறைக் காற்றையே சற்று அழுத்தத்துடன் அனுப்பி, மெல்லிய குழாய் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கி நிற்கிறது. எனக்கு வைத்த அழுத்தம் 11 சென்டிமீட்டர் நீர். அதாவது ஒரு சாண் உயரம்கூட இல்லாத நீர்த்தூணின் எடை. அந்தச் சிறு அழுத்தம்தான் 46-ஐ மூன்றாக்கியது.

ஆனால் முதல் மூன்று வாரம் அந்த இயந்திரத்தை நான் வெறுத்தேன். முகமூடியை மாட்டினால் யாரோ வாயைப் பொத்துவது போலிருந்தது. பாதி இரவில் என்னையறியாமல் கழற்றி எறிந்திருப்பேன். என் தாடியின் வழியாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாயும் மூக்கும் வறண்டன. பேரன், "உப்பா யானை" என்றான். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று தீர்மானித்த நாளும் உண்டு. அப்படிப் பூட்டி வைத்திருப்பவர் இந்தக் கூட்டத்திலேயே ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்காகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். முகமூடியைப் பகலில், விழித்திருக்கும்போது, செய்தித்தாள் படித்தபடி அரைமணி நேரம் மாட்டிப் பழக வேண்டும். தாடி வைத்திருப்பவர்கள் முகம் முழுவதும் மூடும் வகையை விட்டு, மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்கலாம். கசிவு பெரும்பாலும் அத்தோடு தீரும். காற்றை ஈரமாக்கும் கலனில் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். மூடியைத் தினமும் இலேசான சோப்பு நீரில் கழுவ வேண்டும். நான்காவது வாரத்தில் ஒரு நாள், படுத்தவன் தஹஜ்ஜுத் நேரத்தில் தானாக விழித்தேன். தலைவலி இல்லை. இரவில் ஒரு முறைகூட எழவில்லை. வீட்டில் ஏதோ குறைவதாகத் தோன்றியது. குறட்டை ஓசைதான் குறைந்திருந்தது. என் மனைவி ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

பயனை மிகைப்படுத்திச் சொல்லவும் விரும்பவில்லை. சில மாதங்களில் மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். பயானை முழுமையாகக் கேட்கிறேன். வண்டி ஓட்டுகிறேன். கோபம் குறைந்தது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சர்க்கரை அளவில் எனக்கு மாற்றம் இல்லை. எடையும் தானாகக் குறையவில்லை. இதய நோய் உள்ளவர்கள் 2,717 பேரைப் பல நாடுகளில் ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இயந்திரம் பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் பகல் தூக்கமும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்திருந்தன. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம் மட்டுமே மாட்டியிருந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாதி இரவு குடை பிடித்தவன் நனைந்ததற்குக் குடையைக் குறை சொல்வதா என்று எனக்குத் தோன்றுகிறது. எனினும் அது என் கருத்து, ஆய்வின் முடிவன்று.

இயந்திரம் நோயைக் குணப்படுத்துவதில்லை என்பதை எனக்குக் கற்பித்தது ஒக்கி புயல். 2017 நவம்பர் 30-ஆம் நாள் நம் மாவட்டத்தில் சாய்ந்த மின்கம்பங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் வரப் பல நாட்களாயின. முதல் இரவிலேயே குறட்டை திரும்பியது. மூன்றாம் நாள் பழைய தலைவலியும் திரும்பியது. என் மனைவி மீண்டும் விழித்திருந்து தோளைத் தட்டத் தொடங்கினார். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் நிறைந்திருந்த அந்த நாட்களில் என் உறக்கத்தைப் பற்றிப் பேச நாணமாக இருந்தது. பிறகு இன்வெர்ட்டரில் தனி இணைப்புக் கொடுத்து வைத்தோம். மறு ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்றபோது, மருத்துவரின் கடிதத்துடன் இயந்திரத்தைக் கைப்பையாகவே எடுத்துச் சென்றேன். மினா கூடாரத்தில் சமாளித்துக்கொண்டேன். முஸ்தலிஃபாவில் திறந்த வெளியில் தங்கும் அந்த ஓர் இரவில் மட்டும், மல்லாந்து படுக்காமல், பையில் முதுகைச் சாய்த்து அமர்ந்தபடியே உறங்கினேன்.

விலைதான் பெரும் தடை. சில பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. அதனால் வளைகுடாவிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் பழைய இயந்திரங்களை வாங்குகிறார்கள். இதில் எச்சரிக்கை வேண்டும். 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கக்கூடும் என்று அறிவித்து, உலகெங்கும் லட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. பழையது வாங்கினால் அதன் வரிசை எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை மருத்துவரைக் கொண்டு உங்களுக்கென்று அமைக்க வேண்டும். இன்னொருவரின் கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றதுதான் இதுவும்.

எல்லோருக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. எடையில் 10 விழுக்காடு குறைந்தால் தடைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகின்றன. சிலருக்கு ஒருக்களித்துப் படுப்பதே போதும். இலேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல் கருவி உண்டு. உடற்பருமன் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா இந்நோய்க்கென அனுமதித்தது. 2025 முதல் இந்தியாவிலும் அம்மருந்து கிடைக்கிறது. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. தூக்க மாத்திரையைச் சொந்தமாக வாங்கி விழுங்குவதோ தொண்டையை மேலும் தளர்த்தும். எந்த அறுவைக்குச் சென்றாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்நோயைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எப்போதும் வாய் திறந்தே இருக்கும். முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவான். அவனைப் பலமுறை பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். மூக்கின் பின்னால் வளர்ந்த அடினாய்டும் டான்சிலும் பிள்ளைகளின் இரவு மூச்சை அடைக்கும் என்றும், அவற்றை அகற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் தெளிவடைகிறார்கள் என்றும் என் நோய்க்குப் பிறகே படித்தேன். அவனுக்கு அதுதான் இருந்ததா என்று தெரியாது. மதரஸா உஸ்தாத்மார்களும் ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். குறட்டை விடுகிற, வாயால் மூச்சு விடுகிற, வகுப்பில் உறங்குகிற பிள்ளையை அடிப்பதற்கு முன், பெற்றோரிடம் அவன் இரவு உறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

யார் பரிசோதிக்க வேண்டும்? உரத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, இரத்த அழுத்தம், மிகுந்த பருமன், ஐம்பது வயதுக்கு மேல், 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்து, ஆண் என்பது ஆகிய எட்டில் மூன்று இருந்தாலே மருத்துவரிடம் போவது நல்லது. பதினாறு அங்குலக் காலர் தைப்பவர்கள் நாடா தேட வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ முதலில் காட்டலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உறக்கக் கோளாறுகளைத் தனியே கவனிக்கிறார்கள். போகும்போது மனைவியை உடன் அழைத்துச் செல்லுங்கள். உறங்குகிறவன் சாட்சி சொல்ல முடியாது. கைப்பேசியில் இரண்டு நிமிடம் குறட்டையைப் பதிவு செய்து கொண்டுபோனால் மருத்துவருக்கு அதுவே பெரும் உதவி.

என் இயந்திரத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். இஷாவுக்குப் பிறகு மதரஸாவின் முதல் அறையில் அதை இயக்கிக் காட்டுகிறேன். காற்று எவ்வளவு மென்மையாக வருகிறது என்பதை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கலாம். அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் நண்பர் தம்முடையதையும் எடுத்து வரட்டும். மூடியின் அளவு சரியாக இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். சகோதரிகள் கேட்க விரும்புவதை என் மனைவியிடம் கேட்கலாம். இந்த நோயை என்னைவிடப் பத்தாண்டு முன்னதாக அறிந்தவர் அவர்தாம்.